மஞ்சள் மேல் மஞ்சள்

விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில், யாரோ எழுதியதைக் கம்ப்யூட்டரில் தடிமனாக்குவதும் பக்கத்தின் நடுவே கொண்டுவருவதுமாக என் பகல்கள் போகின்றன. அலுத்துப்போன வேலை. அப்பாவுக்கும் இது இப்படித்தான் அலுத்திருக்கும் என்பது நானும் இதே வேலைக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஜெராக்ஸ், டைப்பிங், போதாக்குறைக்குக் கல்யாணங்களுக்கு இணையப் பக்கம். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக. எழுத்தை மவுஸால் இழுத்தால் அது நீலமாகும். மேலே இருக்கும் பட்டனை அமுக்கினால் தடிக்கும், சாயும், நிறம் மாறும். பள்ளி விட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

அந்த வருடம் விழுப்புரத்து அத்தையின் மகளுக்குக் கல்யாணம். அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தையல் மிஷின் மிதித்துத்தான் மகளை டீச்சருக்குப் படிக்க வைத்தாள். ஆனால் அச்சடித்த பத்திரிகையில் அவள் பெயர் இல்லை. தாலி அறுத்தவள் பெயர் சுபகாரியத்தில் எதற்கு என்று மாமாவின் அண்ணன் சொல்லிவிட்டார். அவரும் மனைவியும்தான் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டியவர்கள். அவரை முறைத்துக்கொண்டு கல்யாணம் நடத்த முடியாது.

அத்தை அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாள். "பத்திரிகையிலதான் இல்ல. கம்ப்யூட்டர்லயாவது எம்பேரு இருக்கட்டும் தம்பி."

அப்பா சேர்த்துவிட்டார். மறுநாளே மாமாவின் அண்ணன் தன் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்து உட்கார்ந்தார். சிவப்பில் வேண்டும், தடிமனாக வேண்டும், சம்பந்தியின் பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக வேண்டும். பெரிதாக்கினால் பக்கம் மொத்தமும் வீங்கி, முகூர்த்த நேரம் அடுத்த வரிக்கு ஓடியது. அப்பா பழையபடி கொண்டுவந்து மறுபடி செய்தார். நடுவில் கரண்ட் வேறு போய்வந்தது. கடைசியில் மாமாவின் அண்ணன் கண் அத்தையின் பெயரில் நின்றது.

"இத எடுத்துடு மாப்ள. பாக்கறவங்க என்னா நினைப்பாங்க?"

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரிங்க மாமா என்றார். பெயரை இழுத்து நீலமாக்கினார். பக்கத்தின் பின்னணிக்கு இருந்த அதே மஞ்சளை அதற்கும் கொடுத்தார். பெயர் காணாமல் போனது. அங்கே எதற்குச் சந்து என்று கேட்டவரிடம், இடம் விட்டால்தான் உங்கள் பெயர் எடுப்பாகத் தெரியும் என்றார். அவருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

சனிக்கிழமை அத்தை அவித்த மல்லாட்டையோடு வந்தாள்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். அப்பா அந்த வெற்றிடத்தின் மேல் மவுஸை மெல்ல இழுத்தார். நீலப் பட்டையில் அவள் பெயர் வெள்ளையாகத் தெரிந்தது.

"எடுக்கலக்கா. இங்கதான் இருக்குது."

அத்தை கிட்டே குனிந்து பார்த்தாள். அப்பா வேறெங்கோ அமுக்கியதும் பெயர் மறைந்தது.

"சிங்கப்பூர்ல பாக்கறவங்களுக்கு இந்த மாதிரி இழுத்துப் பாக்கத் தெரியுமா தம்பி?"

அப்பா பிரிண்டரில் தாள் வைக்க எழுந்து போய்விட்டார். இரண்டு பேரையும் ஒரே பட்டனில் திருப்திப்படுத்திய கெட்டிக்காரர் என் அப்பா என்ற பெருமையில் நான்தான் முந்திக்கொண்டேன்.

"யாருக்கும் தெரியாது அத்தை. நம்ம மூணு பேருக்கு மட்டுந்தான் தெரியும்."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மடியில் மல்லாட்டையை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, சாப்பிடு என்றாள். நான் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தோலுரிக்க ஆரம்பித்தேன்.