மூன்றாவது சரணம்

அச்சகத்தில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கமா அக்கா, அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷமாகப் பிழை திருத்துகிறாள். விட்டுப்போன ஒரு கமாவுக்காக ஓடுகிற இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னவள் என்று ஒரு பேச்சு உண்டு. யாராவது அதைச் சொன்னால், "கமா இல்ல, முற்றுப்புள்ளி" என்று அதையும் திருத்துவாள்.

அது திருச்சபைக்குச் சொந்தமான அச்சகம். மாடியில் அவளுடைய அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேசை நடுங்கும், டீ கிளாஸ் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். அந்த மேசைக்குத்தான் நாலு தலைமுறை பாடிய பாட்டுப் புத்தகம் திருத்தத்துக்கு வந்து சேர்ந்தது. புதுப் பதிப்பின் செலவு முழுவதும் சோப்பு ஆலை முதலாளியுடையது.

முதல் புரூஃபில் "பாவி" என்று இருந்த இடமெல்லாம் "எளியோன்" ஆகியிருந்தது. திருத்தக் குழுவின் செயலர் ஓய்வுபெற்ற வாத்தியார், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அவரே படியேறி வந்து விளக்கம் சொன்னார்.

"வாரம் முழுக்க உழைச்சுக் களைச்சு வர்றவங்கம்மா. அவங்களை நிக்க வச்சு பாவி, பாவின்னு பாடச் சொல்றது மனசுக்குக் கஷ்டமா இல்லையா?"

நியாயமாகத்தான் பட்டது. இரண்டாம் புரூஃபில் "இரத்தம்" போய் "அன்பு" வந்தது, பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். "நியாயத்தீர்ப்பு நாள்" என்பது "புதிய விடியல்" ஆனது. சொற்கள் மாறியதும் மெட்டு இடித்தது. மெட்டைச் சரிக்கட்ட "இயேசுவே" என்பதை எடுத்துவிட்டுப் பல இடங்களில் "தலைவா" என்று போட்டிருந்தார்கள். கமா அக்கா ஓரத்தில் பென்சிலால் "யாரை?" என்று எழுதி அனுப்பினாள். அவள் எழுதியதை அடித்துவிட்டு, "இருக்கட்டும்" என்ற குறிப்போடு தாள் திரும்பி வந்தது.

மூன்றாம் புரூஃபில் பாவ அறிக்கைப் பாட்டு ஒன்றில் மூன்றாவது சரணமே இல்லை. அந்தச் சரணம் அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

பாவி வந்தேன் இயேசுவே, என்
கையின் கறையைக் கண்டீரே;
மறைத்ததெல்லாம் வெளிச்சமாச்சே,
உம் இரத்தத்தால் கழுவுமே.

பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது.

போன வருஷம் சோப்பு ஆலையில் கொதிகலன் வெடித்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். வால்வு பழுது, மாற்றுங்கள் என்று மூன்று வாரம் முன்பே எழுதிய சீட்டு ஸ்டோருக்கு வந்திருந்தது. "இப்போதைக்கு ஓடட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். விசாரணைக்கு வந்தவர்களிடம், அப்படி ஒரு சீட்டே வரவில்லை என்றார் ஸ்டோர் கீப்பர். அவர் கமா அக்காவின் புருஷன்.

சீட்டு வந்தது நிஜம்தான் என்று வீட்டில் ஒரே ஒரு தடவைதான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. ஆனால் ஆலயப் பாடகர் வரிசையில் கணீரென்று பாடுகிற மனுஷன், இந்தச் சரணம் வந்தால் மட்டும் இருமுவார், புத்தகத்தைப் புரட்டுவார், வாய் திறக்க மாட்டார். என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் பாடிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

புரூஃபை எடுத்துக்கொண்டு செயலர் வீட்டுக்கே போனாள். அவர் ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தார்.

"ஐயா, இந்தச் சரணம் ஏன் போச்சு?"

"முதலாளி படிச்சுப் பார்த்தாரும்மா. எல்லாம் நல்லா இருக்கு, இது ஒண்ணு மட்டும் மனசை உறுத்துதுன்னார்."

"உறுத்தத்தானே ஐயா எழுதினாங்க?"

செயலர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "நீ எழுத்துப் பிழையை மட்டும் பாரும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

புத்தக வெளியீடு ஆலயத்திலேயே நடந்தது. பலிபீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு முதலாளியை உட்கார வைத்தார்கள். பாடகர்கள் அவருக்கு எதிரே நின்றார்கள். முதல் பாட்டே மூன்றாவது சரணம் போன அந்தப் பாட்டுத்தான்.

"தலைவா, உம் நிழலில் நிற்கிறோம், உம் கையால் வாழ்கிறோம்."

சபை முழுவதும் எழுந்து நின்று, அவரைப் பார்த்தபடி பாடியது. கமா அக்கா ஒவ்வொரு சொல்லாகக் கவனித்தாள். ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாமல் இல்லை. முதலாளியும் கண்ணை மூடி, தலையை லேசாக அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடகர் வரிசையில் அவள் புருஷன் தடையில்லாமல், இருமல் இல்லாமல், வெகுநாளைக்கப்புறம் கடைசி வரி வரைக்கும் பாடினார். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேர் நடுவில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை அச்சக மேலாளர் அவளை ஆலையின் சோப்பு உறைகளில் பிழை பார்க்கிற பிரிவுக்கு மாற்றினார். அடுத்துத் திருத்தத்துக்கு வரப்போவது ஜெபப் புத்தகம், அதை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்றார்.

ஒரு வாரம் கழித்து, காலையில் புருஷன் சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அந்தச் சரணம் போனது உங்களுக்கு எப்படி இருக்கு?"

கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தவர் சீப்பை நிறுத்தினார். "உண்மையைச் சொல்லட்டுமா? நிம்மதியா இருக்கு. நல்லாத் தூக்கம் வருது."

"மன்னிப்புக் கிடைச்ச மாதிரியா?"

"ஏதோ ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதானே? பழசைக் கிளறாதே." சீப்பை வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகச் சொன்னார்: "ஆலை ஆண்டு விழாவுக்கும் எங்களைப் பாடக் கூப்பிட்டிருக்காங்க. அதே பாட்டுத்தான். 'தலைவா'ங்கற இடத்துல முதலாளி பேரைச் சேர்த்துக்கலாமாம். பாடிப் பார்த்தோம், மெட்டு இடிக்கல."

அவள் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். சட்டையில் பாதிதான் தேய்த்திருந்தாள். அவர் அதையே மாட்டிக்கொண்டு, அந்த மெட்டை முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனார்.