சரசு லெவல்

எங்கள் ஆபிஸில் உயரக் கணக்கு எங்கே உதைத்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: சரசு லெவல். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து, ஒன்பது வருடம் வெயிலில் நிலம் அளந்தவளின் பெயர் அது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆனேக்கல் பக்கம் ஒரு லேஅவுட்டை டிரோனில் படமெடுத்து மேப் போட்டோம். மேப்பில் நிலம் முழுக்க முப்பத்தோரு அடி கீழே இறங்கியிருந்தது. சைட் எஞ்சினியர் பார்கவி கேட்டபோது, எங்கள் முதலாளி முகேஷ் எல்லோர் முன்னாலும் சரசுவைக் காட்டி, இவள்தான் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டாள் என்றார். அன்றே அவளுக்கு வேலை போயிற்று.

நடந்தது வேறு. டிரோன் தான் கிளம்பும் இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். சரசு தரையின் உயரத்தைக் கொடுத்திருந்தாள். முகேஷ் வெயிலுக்குப் பயந்து சைட் ஆபிஸ் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று பறக்கவிட்டிருந்தார். நிலத்தின் மறுகோடியில் இருந்த அவளுக்கு அது தெரியாது. பிறகு கேள்விப்பட்டு, மறுவாரம் தனியாக டேப்புடன் போய் அந்தக் கட்டிடத்தை அளந்தாள். முப்பத்தோரு அடி. முகேஷுக்குப் போன் செய்து சொல்லத் தொடங்கியதுமே அவர் லைனைத் துண்டித்தார். நம்பரையும் பிளாக் செய்தார். 'சரசு லெவல்' கேலி காதுக்கு எட்டியும் அதன்பின் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. முகேஷோ தன் பொய்யைச் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டார். சம்பளம் வாங்கும் வாய் என்பதால் இதையெல்லாம் நான் மெதுவாகத்தான் சொல்கிறேன்.

இந்தப் பிப்ரவரியில் அதே லேஅவுட்டின் இரண்டாம் பகுதிக்கு பார்கவி ஒரு போட்டி வைத்தார். ஒரே நிலம், இரண்டு டிரோன்; யார் மேப் சரியோ அவர்களுக்கு வேலை. எங்களுடையது புதிது. முக்கால் மணி நேரம் பறக்கும், காற்றுக்கு அசையாது, படத்தில் புல் நுனி தெரியும். தனியாகத் தொழில் தொடங்கியிருந்த சரசுவிடம் இருந்தது செகண்ட் ஹேண்ட். இருபது நிமிடத்தில் பேட்டரி படுத்துவிடும், காற்றடித்தால் படம் குழையும். இதைக் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடலாமே என்றார் முகேஷ்.

போட்டியன்று அவள் காலை ஏழு மணிக்கே வந்து, தரையில் ஐந்து இடத்தில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு, ஒவ்வொன்றின் உயரத்தையும் கருவி வைத்து அளந்து முடித்திருந்தாள். படத்தில் விழும் அந்தக் குறிகளை வைத்து மேப்பின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். நமக்கும் குறி வேண்டாமா என்று கேட்டேன். இந்த மாடலுக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார் முகேஷ்.

அந்த நிலத்தில் இருந்தது ஒரே ஒரு புங்கமரம். அதன் நிழல் முழுக்கப் பாய் விரித்து, பெட்டி, குடை, சாப்பாட்டு கேரியர் எல்லாவற்றையும் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தாள். முகேஷுக்கு வெயில் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? அவர் நாலா பக்கமும் பார்த்தார். பிறகு அதே சைட் ஆபிஸ் மொட்டை மாடியைப் பார்த்தார். பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறியவன் நான். டிரோனுக்குக் கொடுத்தது இந்தத் தடவையும் தரை உயரம்தான். கீழே சரசு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் கேரியரைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் சைட் ஆபிஸ் மேஜையில் இரண்டு மேப்பும் இருந்தன. அழகு என்றால் எங்களுடையதுதான். ஆனால் ரோட்டோர மேன்ஹோலின் உயரம் பார்கவியிடம் ஏற்கனவே இருந்தது. சரசுவின் மேப்பில் இரண்டு விரல்கடை வித்தியாசம். எங்களுடையதில் மேன்ஹோல் பாதாளத்தில் கிடந்தது.

"முப்பத்தோரு அடி. போன தடவையும் இதே நம்பர்தானே?" என்றார் பார்கவி. "எங்கேர்ந்து பறக்க விட்டீங்க?"

முகேஷ் விரலை மேலே காட்டினார்.

"போன தடவை?"

அவர் விரல் இன்னும் மேலேயேதான் இருந்தது.

"மேடம், இது சரசு லெவல் இல்ல. மொட்டை மாடி லெவல்," என்றாள் சரசு. "டேப் கொண்டாந்திருக்கேன். கீழ் முனைய முகேஷ் சார் புடிக்கட்டும்."

உச்சி வெயிலில் குனிந்து பிடித்தார்.

கால்வாய்க்கு அளக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அவள் ஒருத்தியால் எல்லாம் முடியாது என்பதால் ரோட்டை அளப்பது மட்டும் எங்களுக்கு, ஒரு நிபந்தனையோடு: எல்லா உயரமும் புங்கமரத்துக்குப் பக்கத்தில் சரசு அளந்த சுண்ணாம்புக் குறியிலிருந்துதான் எடுக்கவேண்டும். அந்தக் குறியைக் கான்கிரீட்டில் பதித்தார்கள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பார்கவி கேட்டபோது சரசு யோசிக்கவே இல்லை.

இப்போது எங்கள் ரிப்போர்ட் ஒவ்வொன்றின் முதல் வரி, 'உயரங்கள் அனைத்தும் சரசு லெவலின்படி.' அடிப்பது நான். கீழே முகேஷ் கையெழுத்துப் போடுவார், ஒரு காப்பி அவளுக்குப் போகும். போன வாரம் ஒன்று திரும்பி வந்தது. கணக்கில் பிழையில்லை. கையெழுத்து மங்கலாக இருக்கிறது, முகேஷ் சார் தெளிவாகப் போட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தாள்.