நான் கழற்றிப் பார்க்காத லென்ஸ்

எங்கள் தெருவில் எனக்குக் கேமராக்காரர் என்று பெயர். பிழைப்பு என்னவோ ராயபுரத்தில், கப்பல் சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஃபிலிம் கேமராக்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, அலமாரியில் வைப்பேன். யாராவது வீட்டில் கிடந்த கேமராவைக் கொண்டுவந்து, “இது இன்னா கேமரா, எவ்ளோ போவும்?” என்று கேட்டால் எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எதிர்வீட்டுப் பெண் வந்தாள். திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவள். கூடவே அவள் தம்பி. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவர்கள் அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் பெட்டியில் இருந்ததாக ஒரு தோல் உறையை என் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, நைனா யாரையும் தொட வுடமாட்டாரு. ரஷ்யாக்காரன் கப்பல்ல வந்த ஒரு ஆளு குடுத்தான்னு சொல்வாரு. பாப்பாவுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தணும். நல்ல வெலைக்குப் போனா தேவலை.”

உறையைப் பிரித்தேன். மேல்தகட்டில் பெயர்பெற்ற ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர் வெட்டியிருந்தது. படங்களில் மட்டுமே நான் பார்த்திருந்த கேமரா. அதில் வெட்டியிருந்த வரிசை எண்ணைப் போனில் தேடி ஒப்பிட்டேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஒரு வருடத்தோடு பொருந்தியது.

“ஜெர்மன்காரன் செஞ்சது. ரெண்டு லட்சத்துக்குக் கொறையாது” என்றேன்.

இந்த மாதிரிக் கேமராவில் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். அசலில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். ரஷ்யாவில் செய்த நகலில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கும். நகலின்மேல் ஜெர்மன் பெயரை வெட்டி விற்கிற வேலையும் நடந்திருக்கிறது. இதையெல்லாம் எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு லென்ஸ் இறுகியிருந்தது. அவர்கள் எதிரில் மல்லுக்கட்ட எனக்குக் கௌரவக் குறைச்சல். அவள் ரஷ்யக் கப்பல் என்று சொன்னதும் மனதில் ஓரமாக ஒன்று உறுத்தியது. அதை ஒதுக்கித் தள்ளினேன்.

தம்பி கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு, “நைனா பொருளு. எனக்கும் பாதி கீது இல்ல?” என்றான்.

“படுக்கையில கெடந்தப்போ பீ மூத்தரம் அள்ளுனது நானு. அப்போ எங்கடா போச்சு உன் பாதி?”

என் வீட்டுக் கூடத்திலேயே சண்டை முற்றியது. விற்கும்வரை கேமரா அண்ணாத்தே கையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான்.

மூன்றாம் நாள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸைக் கழற்றினேன். உள்ளே சக்கரம் இல்லை. நாக்குதான் இருந்தது. ஐந்தாயிரம் போனால் அதிகம்.

அன்றைக்கே தெருவைக் கடந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு நாள், அலுவலகத்தில் வேலை அதிகம் என்று ஒரு வாரம். கேமராக்காரருக்கே தெரியவில்லையாம் என்று தெருவில் யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் எனக்கு. அதற்குள் அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். “எங்க நைனா சொத்தை அக்கா அமுக்கப் பாக்குறா” என்று அவன் ஊரெல்லாம் சொல்கிறான் என்று அவள் என்னிடமே அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மஞ்சள் நீராட்டு விழா தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. அவள் மகளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமன் மாலை போட வேண்டும். அவன் வரவில்லை. பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். அம்மாக்காரிக்குக் கூடப்பிறந்தவன் வேறு யாரும் இல்லை. மாலையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நீ போடு.”

“நானா? வேணாம்மா, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்…”

“உன்னை வுட்டா யாரு கீறாங்க எனக்கு?”

போட்டேன். நான் தலை நிமிராததைப் பார்த்து, அண்ணன் நெகிழ்ந்துபோயிட்டாரு என்று யாரோ சொன்னார்கள். அவள் மகள் குனிந்து என் காலைத் தொட்டாள்.

அடுத்த ஞாயிறு கேமராவை அக்காளிடம் திருப்பிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“எப்போ தெரியும் உனக்கு?”

“நீங்க வந்துட்டுப் போன மூணாம் நாளே.”

அவள் கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து, டிரெய்லர்கள் நிற்கிற டோல்கேட்டுக்குப் போனேன். தம்பி வண்டியை ஓரம்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“ஒரு போன் பண்ணிருந்தா லோடை அப்டியே வுட்டுட்டு ஓடியாந்திருப்பேனே அண்ணாத்தே. ஒரே அக்கா மக…” என்றான். மீதி டீயைக் கீழே ஊற்றினான்.

அன்று சாயங்காலமே பட்டுப் பாவாடையும் வளையலும் வாங்கிக்கொண்டு அவன் அக்காள் வீட்டுக்குப் போனான். அழுகைச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. இப்போது ஒற்றுமையாக இருக்கிறார்கள். கேமரா அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, விற்கவில்லை. நடந்ததை அக்காள் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. நல்லநாள் என்றால் எங்களுக்கும் பலகாரம் வருகிறது.

அதைக் கொண்டுவருவது நான் மாலை போட்ட அந்தப் பெண்தான். முன்பெல்லாம் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே வருவாள். இப்போது தட்டை என் மனைவியிடம் நீட்டிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் திரும்பிவிடுகிறாள்.