ஜப்பான் கிடாரும் ஒரு தாய்மாமனும்

மேடையில கிடார் வாசிக்கிறவங்களுக்கு ரெண்டு வேலை: ஒண்ணு வாசிக்கிறது, இன்னொண்ணு கையில இருக்கிற கிடாருக்காக ஊருக்குப் பதில் சொல்றது. வாசிப்பைப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது. பன்னெண்டு வருஷமா புதுக்கோட்டைச் சுத்துவட்டாரத்துல கல்யாணம், காதுகுத்து, ரிசப்ஷன்னு ஒண்ணு விடாம வாசிக்கிறேன், ஒரு இடத்துலயும் கை தடுமாறினதில்ல. அந்த ரெண்டாவது வேலைதான் உசிரை வாங்குது. பழைய ஸ்கூட்டர், பழைய தையல் மெஷின்னு எதையாச்சும் விட மனசில்லாம வச்சுக்கிட்டு, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்குறவங்களா நீங்க? அப்ப நாம ஒரே கட்சி. வாங்க, உக்காருங்க.

துபாய் வெறகு

என் தம்பி துபாயில ஏசி மெக்கானிக். அவன் ரூமுல கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது தன்னோட எலக்ட்ரிக் கிடாரைச் சல்லிசா இவன் கையில குடுத்துட்டுப் போயிட்டார். என்னை விட மூத்த கிடார். ஓரமெல்லாம் கறுப்பு, நடுவுல மாம்பழ மஞ்சள். கம்பெனி பேரு இருந்த இடத்துல பசை மட்டும்தான் மிச்சம். பின்னாடி இருக்கிற தகட்டுல ‘மேட் இன் ஜப்பான்’னு வெட்டியிருக்கும், அவ்வளவுதான் அதோட ஜாதகம்.

தம்பி அதைப் போர்வையில சுத்திக் கொண்டாந்து எறக்கினான். ஒரே ஒரு கம்பியைத் தட்டிப் பாத்தேன், அங்கேயே விழுந்துட்டேன். அம்மா போர்வையை மட்டும் உருவி மடிச்சு வச்சுக்கிட்டுச் சொன்னாங்க: “ஊருல அவனவன் துபாயிலேருந்து சென்ட்டும் தைலமும் கொண்டாரான். எம்புள்ளையப் பாரு, வெறகு கொண்டாந்திருக்கு.”

சித்திரை வெயில்ல ஆறு சுவிட்சு

இந்தக் கிடார்ல ஆறு சுவிட்சு. வெள்ளையா, அச்சு அசலா வீட்டுச் சுவிட்சு போர்டுல இருக்கிற மாதிரியே இருக்கும். சத்தத்தைக் கூட்டுற குமிழ் எங்கயோ விழுந்துபோச்சு, அதுக்குப் பதிலா எங்க வீட்டுப் பழைய மிக்ஸியோட குமிழை மாட்டியிருக்கேன். ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பரோட கச்சிதமா உக்காந்துக்கிச்சு.

விராலிமலையில ஒரு கல்யாண மண்டபம். முதல் வரிசையில வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் என் கிடாரையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தார். ஆஹா, ரசிகர் கெடச்சுட்டார்னு அவருக்காகவே ரெண்டு சங்கதி கூடப் போட்டேன். பாட்டு முடிஞ்சதும் மேடை ஓரமா வந்து மெதுவாக் கேட்டார்: “ஏம்மா, இதுல ஃபேன் சுவிட்சு எதும்மா? செத்தப் போட்டு விடேன்.”

ஸ்பீக்கர்ல வந்த பிரியாணி

கிடாருக்கு ஒரு வியாதியும் உண்டு. கம்பிக்கு அடியில பிக்கப்னு ஒரு பட்டை இருக்கும். கம்பி அதிர்றதைப் பிடிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்புறது அதோட வேலை. என் கிடார்ல அது பழசாப் போனதால, பக்கத்துல வாயை வச்சுப் பேசினா பேச்சையும் பிடிச்சு அனுப்பிரும்.

அறந்தாங்கியில ஒரு ரிசப்ஷன். எங்க குழுவோட தலைவர் கீபோர்டு வாசிக்கிறவர், மாஸ்டர்னு கூப்பிடுவோம். ரெண்டு பாட்டுக்கு நடுவுல என் கிடார் வயரு லூசா இருக்கான்னு குனிஞ்சு பாத்தவர், குனிஞ்சபடியே எங்கிட்ட முணுமுணுத்தார்: “பிரியாணி தீந்துருச்சாம், நமக்குத் தயிர்சாதம்தானாம். கஞ்சப்பய வீடு.” மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு. ‘கஞ்சப்பய’ மட்டும் எக்கோவோட ரெண்டு தடவை. எனக்கு அப்படியே மேடைக்கு அடியில போயிரலாமான்னு இருந்துச்சு. பொண்ணைப் பெத்த அத்தா நேரா மேடைக்கு வந்தார், கோவப்படல, சிரிச்சுக்கிட்டே சொன்னார்: “மூணு சட்டி அப்படியே இருக்குங்க. மொதல்ல சாப்பிடுங்க, அப்பறம் பேசுங்க.”

பெட்டியில விக்கிற சத்தம்

மறுநாள் மாஸ்டர் போன் பண்ணினார். “அடுத்த மாசம் குடுமியான்மலைப் பக்கம் காதணி விழா. அதுக்குள்ள புதுக் கிடார் வாங்கிரு. இல்லேன்னா கீபோர்டுலயே கிடார் சத்தம் இருக்கு, ஒனக்குச் சிரமம் வேணாம்.” சுருக்குன்னு இருந்துச்சு. பன்னெண்டு வருஷம் வாசிச்சவளை ஒரு பட்டனுக்குள்ள போட்டு மூடிட்டாரே மனுஷன்! புதுசு வாங்க வழியில்லாம இல்ல. இதை விட்டா என் கை என் கையா இருக்காது, அதான் பயம்.

இருந்தாலும் திருச்சிக்குப் போயி ஒரு கடையில ஏழெட்டு கிடார் வாசிச்சுப் பாத்தேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் மனசுல ஒட்டல. கடைக்காரத் தம்பி ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, இதைக் கிடாரோட சேத்து மாட்டினா அந்தக் காலத்துச் சத்தம் வரும்னு சொன்னார். நான் பையிலேருந்து என்னோடதை எடுத்து, பெட்டி இல்லாமலே சொருகி நாலு வரி வாசிச்சேன். அவர் பெட்டியைத் திருப்பி அலமாரியில வச்சிட்டார். “அக்கா, இந்தச் சத்தம் வரணும்னுதான் நாங்க இந்தப் பெட்டியையே விக்கிறோம்.”

மைக்குல கூப்பிடுங்க

அந்தத் தெம்புல பழைய கிடாரோடயே காதணி விழாவுக்குப் போனேன். மாஸ்டர் பாத்தார், “இன்னைக்கோட சரி”ன்னார். அவரு அன்னைக்குன்னு ரெண்டு புது வயரில்லா மைக்கு வாங்கி வந்திருந்தார், பழைய வயர் மைக்கை வீட்டுலயே விட்டுட்டு.

பத்தரைக்குள்ள காது குத்தியாகணும். ஆசாரி ரெடி. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், அவரோ சீர்த்தட்டோட பந்தல் வாசல்லயே நிக்கிறார். பத்திரிகையில பேரைச் சின்னதாப் போட்டுட்டாங்கன்னு வருத்தம். ஊரறிய மைக்குல பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் உள்ள வருவேன்னுட்டார். மாஸ்டர் மைக்கை எடுத்தார், சார்ஜ் போட மறந்திருக்கார், உசிரு இல்ல. இன்னொண்ணும் அப்படியே. குழந்தையோட அம்மா ஓடிப்போயி அண்ணன் கையைப் பிடிச்சுக் கெஞ்சியும் அவரு அசையல. அந்தப் பொண்ணு கண்ணு கலங்கி மேடையைப் பாத்துச்சு. மணி பத்து இருபது.

அட, நம்ம கையிலதான் ஒண்ணு இருக்கே! மிக்ஸி குமிழை மூணுல வச்சேன். கம்பியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கிடாரைத் தூக்கி மாஸ்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். “இங்கிட்டுக் குனிஞ்சு பேசுங்க மாஸ்டர்.” அவரு என்னைப் பாத்தார், கிடாரைப் பாத்தார், குனிஞ்சார். “தாய்மாமன் முத்துக்கருப்பன் அவர்களை அன்போடு மேடைக்கு அழைக்கிறோம்!” கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி குரல், ஆனா தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. மாமன் துண்டைச் சரிபண்ணிக்கிட்டு நிமிந்து நடந்து வந்தார். குழந்தை மடியில உக்காந்து வீல்னு கத்தினப்ப எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. மாமன் பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொன்னார்: “மைக்குல யாரை வேணும்னாலும் கூப்பிடுவாக. கிடாருல கூப்பிட்டது என்னைய மட்டுந்தான்!”

பந்தியில மாஸ்டர் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து ரொம்ப நேரம் அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே இருந்தார். அப்பறம் எலையைப் பாத்துக்கிட்டே சொன்னார்: “கீபோர்டுல எல்லாச் சத்தமும் இருக்கு மேகலா. தாய்மாமனை உள்ள வரவைக்கிற சத்தம் அதுல இல்ல.”

ஆக, நானும் என் ஜப்பான் கிடாரும் குழுவுல நிரந்தரமாயிட்டோம். மாஸ்டர்தான் இப்பல்லாம் எங்க பக்கத்துல வந்தா வாயையே தொறக்கிறதில்ல.