இருபது நிமிடத்து ஆட்டக்காரன்

போன மாதம் என் வலது கைச் சுண்டுவிரலைக் காட்டுவதற்காகப் பிசியோதெரபிக்குப் போயிருந்தேன். விரல் மடங்க மறுக்கிறது. தேநீர்க் குவளையைப் பிடித்தால் மற்ற நாலும் அடக்கமாக மடங்கிக்கொள்ள, இது மட்டும் பெரிய துரை வீட்டுப் பிள்ளை போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே இருந்த தமிழ்ப் பெண் விரலை அழுத்திப் பார்த்தாள்.

"அங்கிள், இது ஓல்ட் ஃபிராக்சர். எப்ப உடைஞ்சது?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுலம்மா."

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல. ஒரு ஃபிரெண்டோட தாடையில குத்தினேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "கேங்ஸ்டரா அங்கிள் நீங்க?"

"சேச்சே. ஃபுட்பால் ஃபேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு ஒரு தைலப் புட்டியைத் திறந்து என் கையில் தேய்க்க ஆரம்பித்தாள். மூக்கில் ஏறி கண்ணில் நீர் வரவழைக்கும் தசைவலித் தைலம். அந்த வாசனை வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

சிங்கப்பூரின் மேற்கே, பூன் லே பக்கத்தில் ஒரு சின்ன மைதானம் இருந்தது. ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறை சரியாக நாங்கள் உட்காரும் மூலைக்குக் கீழே. கதவு திறந்தால் போதும், இந்தத் தைல வாசனை குப்பென்று மேலே வரும். அதோடு எங்கள் வாசனையும் சேரும். நாங்கள் ஜூரோங் கப்பல்பட்டறைக்காரர்கள், நாற்பது பேர். சனிக்கிழமை பகல் வேலை முடிந்ததும் கம்பெனி பஸ் எங்களை வீட்டில் விடாமல் நேரே மைதானத்து வாசலில் கொட்டிவிட்டுப் போகும். எண்ணெய் படிந்த சட்டை, வெல்டிங் புகை, காலில் முனையில் இரும்பு வைத்த பூட்ஸ், கையில் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்கிற வறுகடலை. எதிரணி ஆதரவாளர்கள் குடும்பத்தோடு தொப்பி வைத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் எங்கள் பூட்ஸோடு வருவோம்.

அங்கே உட்காரும் பலகைகள் அலுமினியம். நாற்பது ஜோடி இரும்பு பூட்ஸ்கள் ஒரே தாளத்தில் அதை மிதித்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நடுவர் எங்களுக்கு எதிராக விசில் ஊதிவிட்டால் "ரெஃப்ரீ காயு!" என்று கத்துவோம். மலாயில் காயு என்றால் மரக்கட்டை. அந்த ஊதலில் நியாயம் இருந்ததா இல்லையா என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. அது இரண்டாம் நிலை அணிகளின் ஆட்டம். எங்களையும், நாளிதழை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் ஒரு சீனப் பெரியவரையும் விட்டால் பார்க்க வருபவர்கள் கொஞ்சம்தான். ஆனால் உலகக் கோப்பை எங்கள் தயவில்தான் நடக்கிறது என்பது போல நடந்துகொள்வோம்.

ஒருமுறை கிழக்குப் பக்கத்து அணி ஆட்களோடு கார் நிறுத்துமிடத்தில் கைகலப்பு. குடைக் கம்பிகள் வளைந்தன. எங்கள் பெயிண்ட் பிரிவு ஆள் ஒருவனுக்குக் காது மடல் கிழிந்து தொங்கியது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே அவன் இன்னொருவனை உதைத்தான். இந்தக் கதையைக் கல்யாண விருந்துகளில் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். கீழே விழுந்துவிட்ட ஒருவனின் விலாவில் நான் மூன்று உதை விட்டதை மட்டும் சொல்வதில்லை. அவன் ஏற்கெனவே போதும் போதும் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

குணா எங்கள் பட்டறைப் பையன். பையன் என்ன, இருபத்து மூன்று வயது. குழாய் பொருத்தும் வேலை. பட்டறை அணியில் ஆடியவனை வட்டார அணியின் கோச் பார்த்து, மாற்று ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டார். எழுபதாவது நிமிடம் வரை பெஞ்சில் இருப்பான். எல்லாரும் களைத்து நாக்கைத் தொங்கப் போடும் நேரத்தில் இவன் உள்ளே வந்து இடது ஓரமாக ஒரு ஓட்டம் ஓடுவான் பாருங்கள், எதிரணித் தடுப்பாளர்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டே திட்டுவார்கள். அப்படி வந்து இரண்டு கோல் போட்டுவிட்டான். இரண்டாவது கோல் விழுந்தபோது நான் பலகை மேல் ஏறி நின்று "ராக்கெட்!" என்று கத்தினேன். மூலையே திருப்பிக் கத்தியது. அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் ராக்கெட். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்றால், ஏதோ அவனைப் பெற்றவனே நான்தான் என்கிற மாதிரி திரிந்தேன்.

நான் அப்போது பட்டறை ஸ்டோரில் கிளார்க். கையுறையும் போல்ட்டும் வாங்க வருகிற ஒவ்வொருவனிடமும் குணாவைப் பற்றிச் சொல்வேன். அடுத்த வருஷம் முதல் அணி, அதற்கடுத்து தேசிய அணி, அப்புறம் ஜப்பானிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவான். ஜப்பானை நான் எதற்குச் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டே வாரத்தில் அது பட்டறை முழுக்கச் சுற்றி, யாரோ ஜப்பான்காரரை மைதானத்தில் பார்த்ததாகவே என்னிடம் வந்து சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நம்பாத ஆள் ஒருவன்தான், ஷாகுல். பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் அவன் அப்பாவின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்தான். பட்டறைக்காரன் இல்லையென்றாலும் ஆட்டம் தவறாமல் வந்து மேல் வரிசையில் உட்காருவான். கத்த மாட்டான். பார்ப்பான். அதுவே எனக்கு எரிச்சல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேக்கா காப்பிக்கடையில் நான் ஜப்பான் கதையை ஆரம்பித்தேன். ஷாகுல் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"மச்சான், அவன் ட்வென்டி மினிட்ஸ் ஆளுடா. மத்தவன் டயர்டாயிட்டாத்தான் அவன் ஸ்பீடு தெரியும். ஃபுல் மேட்ச் போட்டா காணாமப் போயிடுவான்."

"உனக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கு என்ன வயித்தெரிச்சல் லா? கோச் அவன கரெக்டா வச்சிருக்காரு. அப்படியே விட்டா பத்து வருஷம் ஆடுவான். எல்லாரும் ஸ்டார் ஆகணுமா? பெஞ்சுலயும் நல்ல ஆளு வேணும்."

பெஞ்ச் என்ற சொல்தான். குத்திவிட்டேன். அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான், மேசை கவிழ்ந்தது, கீழ் உதடு பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். ஒரு பல்லைத் துப்பிவிட்டுத் தரையில் அதைத் தேடினான். என் விரல் உடைந்தது கூட எனக்குத் தெரியவில்லை. "இப்ப சொல்லுடா பெஞ்சுன்னு" என்று மேலே நின்று கத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். இப்போது நினைத்தால், வாழ்க்கையில் எனக்குக் கால்பந்து பற்றிச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தைக்கு நான் கொடுத்த பதில் அது.

வலது கையில் கட்டோடு அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஐந்து பேராகக் கோச்சின் காரைச் சுற்றிக்கொண்டோம். அவர் ஐம்பது வயது மலாய்க்காரர், சாதுவான மனிதர். கார்க் கூரையில் குத்தினோம். ஒருவன் பூட்ஸால் கதவில் ஒரு குழி விழ வைத்தான். நான் இடது கையால் கண்ணாடியைத் தட்டி, கடைசி ஆட்டத்தில் ராக்கெட் முதல் நிமிடத்திலிருந்து ஆடாவிட்டால் அவருடைய கார் வீடு போய்ச் சேராது என்றேன். பின் இருக்கையில் அவருடைய மனைவி காதைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா இருப்பதைப் பார்த்த பிறகும் நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

புதன்கிழமை குணா ஸ்டோர் கவுண்டருக்கு வந்தான். கையுறை கேட்க வந்தவன் போல நின்றான்.

"அண்ணே, கோச் என்னை ஸ்டார்ட் பண்ணப் போறாராம்."

"பின்னே? யாரு வேலை?" என்றேன்.

"வேணாம்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க. எனக்கு லாஸ்ட் ட்வென்டிதான் வரும். முன்னாடியே போட்டா எனக்கு மூச்சு தாங்காது. அடுத்த சீசன்லேர்ந்து ரிசர்வ் டீமுக்கு ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட் தர்றேன்னு கோச் சொல்லியிருக்காரு. அப்புறம் சின்னப் பிள்ளைங்களுக்கு சொல்லிக்கொடுக்கிற கோர்ஸ். எனக்கு அது போதும்ணே."

அவன் சொன்னது வெறும் உண்மை. நான் கேட்டது அடக்கம். நம் ஆட்களிடம் ஒருவன் என்னால் முடியாது என்றால், அவனால் முடியும் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? விருந்தில் போதும் போதும் என்றால் இலையில் இன்னொரு கரண்டி போடுகிறவர்கள்தானே நாம்? அவன் தோளில் தட்டி, "இவ்ளோ தன்னடக்கம் கூடாதுடா" என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானச் சாப்பாட்டில் எல்லாரிடமும் சொன்னேன், "பாருங்க, எவ்ளோ அடக்கமான பையன்!" கேட்டவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்கலாம். குணா முதல் நிமிடத்திலிருந்து ஆடினான். நாங்கள் மிதித்த மிதியில் ஒரு பலகை போல்ட்டோடு பெயர்ந்து வந்தது. பத்து நிமிடம் ஓடினான். எதிரணியின் வலது தடுப்பாளன் புதிதாக, களைப்பில்லாமல் இருந்தான். குணாவை விட அரை அடி உயரம். முதல் முறை முட்டியில் உதைத்தான். இரண்டாவது முறை முழங்கையால் வாயில் இடித்தான். மூன்றாவது முறை குணாவே ஒதுங்கிப் போனான். முப்பதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் ஒழுகியது. மாற்ற வேண்டாமா என்று கோச் எங்கள் மூலையைப் பார்த்தார். நாங்கள் பூட்ஸால் பதில் சொன்னோம்.

ஐம்பதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. கொஞ்ச நேரத்தில் குணாவின் காலுக்கு ஒரு பந்து வந்தது. முன்னால் கோல்கீப்பர் கூட இல்லை, கீழே விழுந்து கிடந்தான். குணா அடித்தது கம்பத்துக்கு மேலே போயிற்று. பிறகு எங்கள் மூலையிலிருந்துதான் அந்தக் குரல் கிளம்பியது. "காயு!" நடுவருக்கு இல்லை, குணாவுக்கு. "காயு! காயு!" நாற்பது பேரும் அவனைப் பார்த்து மிதித்தோம். அவன் அம்மாவைச் சொல்லித் திட்டினோம். கச்சாங் பூத்தே, செருப்பு, குடை எல்லாம் பறந்தன. என் காலடியில் காலையிலிருந்து ஸ்டோர் ஐஸ் பெட்டியில் கிடந்த தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. உள்ளே கட்டியாக உறைந்திருந்தது. இடது கையால் எடுத்து எறிந்தேன்.

லைன்ஸ்மேன் மேல் எறிந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. குணாவைக் குறி பார்த்துத்தான் எறிந்தேன். என்னை ஏமாற்றிவிட்டான் என்ற ஆத்திரம். அவன் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். பாட்டில் இடது கண்ணில் பட்டது. அந்தச் சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

போலீஸ் வந்து கேட்டது. நாற்பது பேரும் எதிர்வெயில், ஒன்றும் தெரியவில்லை என்றோம். மேல் வரிசையில் இன்னும் ஆறாத உதட்டோடு ஷாகுல் நின்றுகொண்டிருந்தான். அவன் பார்த்துவிட்டான். என்னையே சிறிது நேரம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைப் பக்கம் போனால் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தின் மேல் குனிந்துகொள்வான்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்த குணா, மற்றவர்கள் வெளியே போனதும் கேட்டான்.

"யாரு எறிஞ்சதுன்னு பாத்தீங்களாண்ணே?"

"அந்த டீம் பசங்க" என்றேன்.

"நம்ம ஆளுங்க இல்லல்ல?"

"சேச்சே."

"அப்படித்தாண்ணே நானும் நெனச்சேன்" என்று சொல்லி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் தவிர ஒன்றும் திரும்பவில்லை. காண்ட்ராக்ட் போயிற்று. உயரத்தில் ஏறிக் குழாய் பொருத்தவும் விடமாட்டார்கள். எனவே பட்டறையில் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள், என் பக்கத்துக்கு. பதினொரு வருஷம் ஒரே கவுண்டரில் நின்றோம். நான் எப்போதும் அவனுடைய இடது பக்கமாக நிற்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பக்கம் நின்றால் அவன் பார்வை என் மேல் விழாது.

இப்போது எதுவும் இல்லை. அணியைக் கலைத்துவிட்டார்கள். கோச் ஊர் மாறிப் போனார். நாற்பது பேரில் பாதிப் பேருக்கு மற்றவனுடைய முகவரி தெரியாது. ஷாகுல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். ஜனாஸாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். மைதானத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அதில் ஒன்பதாவது மாடியில் குணாவுக்கே குலுக்கலில் ஒரு வீடு விழுந்தது.

பால் காய்ச்சுகிற அன்றைக்குக் கூப்பிட்டிருந்தான். சமையலறை ஜன்னலுக்குக் கூட்டிப்போய், கீழே சறுக்குமரமும் கார்களும் இருக்கும் இடத்தைக் காட்டினான். "அங்கதாண்ணே நீங்கல்லாம் உக்காந்திருப்பீங்க." பிறகு தன் மகளைக் கூப்பிட்டான். பன்னிரண்டு வயதிருக்கும். "இந்த அங்கிள்தான் என்னோட நம்பர் ஒன் ஃபேன். எனக்குப் பேரு வச்சதே இவருதான். எனக்காக எப்படிக் கத்துவாங்க தெரியுமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தேங்க்யூ அங்கிள்" என்றாள்.

பரவாயில்லம்மா என்றேன்.