ஜெர்மனி எபிசோடில் நான் எடுக்காத வரி

உள்ளூர் கேபிள் சேனலில் ஸ்கிரிப்ட் எடிட்டராகப் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். எதை வெட்டினால் வம்பு வராது என்பது எனக்கு அத்துப்படி. அதில் பெருமைகூட உண்டு.

ஞாயிறு வரலாற்று நிகழ்ச்சிக்குப் போரில் தோற்ற ஜெர்மனியைப் பற்றி எழுதியிருந்தேன். ஜெயித்த படைகள் நாஜிகளின் பொய்ப் பத்திரிகைகளை இழுத்து மூடின. நல்ல காரியம்தான். பிறகு தாங்கள் நம்பியவர்களுக்கு மட்டும் லைசென்ஸ் கொடுத்தன. சுதந்திரமாக எழுதலாம், லைசென்ஸ் கொடுத்த ராணுவத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது.

ஒளிபரப்புக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் முதலாளி ஸ்கிரிப்டோடு வந்து நின்றார். உடன்குடிக்காரர், கருப்பட்டி வியாபாரத்திலிருந்து கேபிளுக்கு வந்தவர். லைசென்ஸ் கொடுத்த ராணுவத்தைக் குறை சொல்லக் கூடாது என்ற கடைசி வரியில் விரலை வைத்தார்.

“ஏளா, இதை எடுத்திரு. நம்ம லைசென்ஸ் ரினியூவல் கலெக்டர் ஆபீஸ்ல கெடக்கு. அவியளச் சொல்லுதோம்னு நெனப்பாவ.”

“யாரும் போன் பண்ணுனாவளா அண்ணாச்சி?”

“பண்ணல. பண்ணுறதுக்கு முன்னாலயே நாமதான பாத்துக்கிடணும்.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளைக்கு முன்னால் உப்பளத்தில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி நேரில் வந்து அழுதிருந்தாள். குடிதண்ணீர் லாரி ஒரு வாரமாக வரவில்லை, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றாள். லாரிக்குப் பொறுப்பான அதிகாரியும் அதே ஆபீஸ்தான். ஒருத்தரும் சொல்லாமலே அந்தச் செய்தியை நான் ஓரங்கட்டியிருந்தேன்.

வரியை எடுக்க மாட்டேன், தண்ணீர்ச் செய்தியையும் போடப்போகிறேன், பிடிக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையில் கல்லைப் போடுகிறாயே என்று அண்ணாச்சி கொஞ்ச நேரம் புலம்பினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, போடு. அந்த ஆபீசர்ட்டயும் கேட்டு, அவர் பதிலையும் சேத்துப் போடு.”

கருப்பட்டி விற்றவருக்குத் தெரிந்தது எடிட்டருக்குத் தெரியவில்லை, பாருங்கள். அந்தப் போனை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். அதிகாரி ஒன்றும் கோபப்படவில்லை, விசாரிப்பதாகச் சொன்னார். ஜெர்மனி வரி நிகழ்ச்சியிலும், தண்ணீர்ச் செய்தி அவர் பதிலோடு மாலைச் செய்தியிலும் போயிற்று. மறுநாள் காலையில் லாரி வந்தது. ரினியூவலும் வழக்கம்போல் வந்து சேர்ந்தது.

லாரி வந்த அன்றே முத்துலட்சுமி போன் பண்ணியிருந்தாள். நன்றி சொல்வாள் என்றுதான் எடுத்தேன்.

“நாலு நாளைக்கு முன்னாலயே சொன்னேம்லாக்கா. அப்பமே ஏன் போடல?”

“பயந்துட்டேன்” என்றேன். வேறு என்ன சொல்ல?

செய்தி வேலைக்கு வரும் பிள்ளைகளே, வெட்டச் சொல்கிறவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அதுவரை கத்தரிக்கோல் மேஜைக்குள்ளேயே கிடக்கட்டும்.