சவுரிமுத்துவின் இடப்பக்கக் காளை

“பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல என் கையால ஒரு தப்பு நடந்துச்சுன்னு எவனாவது காட்டட்டும், அன்னிக்கே பாதி மீசையை எடுத்துடறேன்!”

திருமுடிவாக்கத்தில் லேத்தில் போல்ட்டு, புஷ் கடைந்து தரும் சின்னக் கம்பெனி ஒன்றின் டீ நேரத்தில், 1995-ஆம் வருஷத்து ஆடி மாதம், சவுரிமுத்து இப்படி முழங்கினார். அவருக்கு மீசையே கிடையாது. முழக்கத்தின் கம்பீரத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் செய்ததை வெர்னியர் அளவுகோலால் அளப்பார். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். லேத்தில் நிற்கிற ரவிக்கு மட்டும் இந்தப் பெருமையில் ஒரு சந்தேகம்.

“தப்பு பண்ணணும்னா எதுனா வேலை செய்யணுமேண்ணா. நீ அளந்துகினு மட்டும்தானே கீறே?”

அன்று ரவி கடைந்ததில் பதினாலு ஜாப் ரிஜெக்ட் ஆயின.

இரும்புலியூரில் அவர் வீட்டிலும் தப்பு நடக்காது. நடந்தால் அது மனைவி அருள்மேரியால் நடந்ததாக இருக்கும். மாடிப்படியின் கடைசிப் படி ரெண்டு அங்குலம் உயரம் குறைந்து, ஏறுகிற விருந்தாளி ஒவ்வொருவரும் அங்கே தடுக்கி விழப் பார்ப்பார். கொத்தனாருக்கு அளவு சொன்னவர் சவுரிமுத்துதான். ஆனால் அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அருள்மேரி காபி குடிக்கக் கூப்பிட்டாள். “நீ கூப்பிட்டே, நான் திரும்பினேன்” என்று பத்து வருஷமாகத் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. அவளும் மேல்முறையீடு செய்ததில்லை. யாராவது தடுக்கினால், “என்னாலதாங்க” என்று அவளே முந்திக்கொள்வாள். பேச்சு சீக்கிரம் முடியும் பாருங்கள்.

அந்த மாடியில் ஒரு அறை எழும்பிக்கொண்டிருந்தது. நாலு சுவரும் வந்துவிட்டன. கூரைக்குப் பணம் இல்லை. சரி, பூச்சு வேலையாவது முடியட்டும் என்று பாலாற்று மணல் ஒரு லோடு வந்து இறங்கியது. சித்தாள் கூலி மிச்சம் என்று அருள்மேரியே சல்லடை பிடித்தாள். சவுரிமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, சலித்த மணலை இன்ஸ்பெக்ஷன் செய்தார்.

சல்லடையில் தங்கிய கூழாங்கல்லுக்கும் கிளிஞ்சலுக்கும் நடுவே, சட்டைப் பொத்தான் அளவில் பச்சையாக ஒன்று கிடந்தது.

“உங்க கம்பெனி வாஷர் மாதிரி கீதுங்க.”

சவுரிமுத்து வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். நடுவில் ஓட்டை இல்லை. ஒரு காளை இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கீழ்க்கட்டளைக்குப் பஸ் ஏறினார். அங்கே ஞானஜோதி என்று ஒரு ரிட்டயர்டு சைன்ஸ் வாத்தியார் இருந்தார்; பழைய காசு சேர்க்கிறவர். வாங்கிப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“நாயக்கர் காலத்துச் செம்புக் காசு சார் இது. காளை வலப்பக்கம் பார்க்கிறது என்கிட்டயே முப்பது இருக்கு. உங்க காளை இடப்பக்கம் பார்க்குது! இதுவரைக்கும் ரெண்டே ரெண்டுதான் நான் பார்த்திருக்கேன்.”

“விலை?”

“புத்தாண்டுக்கு மதுரையிலேர்ந்து பொன்னுசாமின்னு ஒரு காசு வியாபாரி வர்றார். பன்னண்டாயிரம் வரைக்கும் கொடுப்பார். அதுவரைக்கும் காசு இப்படியே இருக்கட்டும்.”

பன்னண்டாயிரம் என்றால் மாடி அறைக்குக் கூரை. சவுரிமுத்து வீடு திரும்பியதும் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். காசு வெர்னியர் பெட்டியின் வெல்வெட்டு மெத்தையில் படுத்தது. பெட்டி பீரோவுக்குள் போனது. சாவி அவர் அரைஞாணில் ஏறியது.

“மேரி, இது மேல உன் கை படவே கூடாது.”

“நான் ஏங்க தொடப்போறேன்? கண்டெடுத்ததே நான்தானே.”

“கண்டெடுத்தது நீ. கண்டுபிடிச்சது நான்.”

நாலு மாதம் காசு நிம்மதியாகத் தூங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம், அருள்மேரி குடில் ஜோடிக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். சவுரிமுத்து பெட்டியைத் திறந்து பார்த்தார். காசு மேலெல்லாம் பச்சைக் களிம்பு. அவருக்குள்ளிருந்த இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். அழுக்கோடு ஒரு ஜாப் டிஸ்பேட்ச் ஆகலாமா? அதுவும் மதுரைப் பார்ட்டிக்கு?

பித்தளை மெழுகுவத்தி ஸ்டாண்டு தேய்ப்பதற்காக அடுக்களையில் ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது; பக்கத்தில் சாம்பல் டப்பா. ஒரு கை அள்ளினார். பழைய டூத் பிரஷ் எடுத்தார். அரை மணி நேரம், பத்தொன்பது வருஷ அனுபவம் முழுவதையும் காட்டித் தேய்த்தார். காசு தகதகவென்று சிவந்தது. காளையின் திமில் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. அதுவும் அழுக்குத்தான் போலிருக்கிறது என்று திருப்தியடைந்தார்.

சாயங்காலம் அருள்மேரி கிண்ணத்தைப் பார்த்தாள். “புளி குறையுதே?”

“எலி தின்னிருக்கும்.”

ஊறின புளியை அள்ளித் தின்கிற எலியைப் பற்றி அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மிச்சப் புளியில் ஸ்டாண்டைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

புத்தாண்டுக்கு மறுநாள், ஒரு டப்பா கேக்கோடு இருவரும் கீழ்க்கட்டளைக்குப் போனார்கள். பொன்னுசாமி வந்திருந்தார். சவுரிமுத்து வெர்னியர் பெட்டியைத் திறந்து, பூசையில் நற்கருணைப் பேழையைத் திறந்த சாமியார்போல் ஒதுங்கி நின்றார்.

ஞானஜோதியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. பொன்னுசாமி காசை எடுத்து ஒருமுறை திருப்பினார். திரும்பவும் வெல்வெட்டிலேயே வைத்தார்.

“களிம்பு எங்க சார்? பழைய காசுக்கு அதுதான் சட்டை. பின்னாடி எழுத்து மழுங்கிப்போச்சு. காளைக்குக் கண்ணும் இல்ல. முன்ன இருந்த மாதிரி இருந்தா பன்னண்டாயிரத்தை இப்பவே எண்ணி வச்சிருப்பேன். இப்ப இருபது ரூபா தரலாம். அதுவும் ஞானஜோதி சாருக்காக.”

பெட்டியைச் சவுரிமுத்து பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்காங்களே. யாருங்க இந்தக் காரியம் பண்ணது?” பொன்னுசாமியின் பார்வை தானாகவே அருள்மேரியிடம் போய் நின்றது.

சவுரிமுத்துவின் நாக்கு நுனியில், ‘பொம்பளைங்களுக்கு இதோட மதிப்பு எங்க சார் தெரியுது’ என்ற வாக்கியம் முழுசாகத் தயாராக இருந்தது. அதைச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அருள்மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஆரம்பித்தும்விட்டாள்.

“என்னாலதாங்க. மெழுகுவத்தி ஸ்டாண்டு தேய்க்கும்போது…”

சவுரிமுத்து அவளைப் பார்த்தார். காசை அவள் கடைசியாகத் தொட்டது சல்லடையில். அரைஞாண் சாவி இடுப்பில் உறுத்தியது.

“அவ இல்ல சார்,” என்றார். டீ நேரத்துக் குரல் இல்லை. பக்கத்தில் இருந்தவருக்கே பாதிதான் கேட்டிருக்கும். “சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் புளி போட்டுத் தேய்ச்சேன்.”

அருள்மேரி வாயை மூட மறந்து அவரையே பார்த்தாள்.

“புளி மட்டும்தானா?” என்று கேட்டார் பொன்னுசாமி.

“கொஞ்சம் சாம்பலும்,” என்றார் சவுரிமுத்து.